பங்குதாரர்களின் பகல் காட்சி

அத்தியாயம் பதினான்கு

தன் தம்பியின் பணமும் அந்தத் தியேட்டர் கம்பெனியில்தான் முடங்கிக் கிடக்கிறது என்பது டெய்லர் அக்காவுக்குத் தெரியவந்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கணவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ மட்டும் வித்துடாதடா. நீ வித்தா நான் மத்தவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவர் வாய் நிறைய மச்சான் என்று கூப்பிடுகிற ஆள் ஒருவன்தான்.

கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அந்த மனுஷனிடம் குரலை உயர்த்துகிற பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டாள். அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பழுது பார்க்கப் போன இடத்தில் லிப்ட் குழிக்குள் விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கி, வேலையும் போய், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். சாப்பாடு தட்டில் காய்ந்து போகும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. அந்த நாட்களில் அவள் கடைக்குக் கிளம்பும்போது வீட்டில் இருந்த மாத்திரை டப்பா முழுவதையும் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அவரை மறுபடி பேச வைத்தது ஒரு போன் குரூப். எங்கு பார்த்தாலும் கிளை வைத்திருந்த தியேட்டர் கம்பெனி ஒன்று திவாலானது. அதன் பங்கு அடிமாட்டு விலைக்கு வந்தபோது வாங்கிப் போட்ட சின்னச் சின்ன முதலீட்டாளர்களின் குரூப் அது. விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டை அவர் அப்படியே அந்தப் பங்கில் கொட்டினார். குரூப்பில் எல்லாரையும்விட அதிகப் பங்கு அவரிடம்தான் என்று தெரிந்ததும் யாரோ விளையாட்டாக 'சேர்மன்' என்று கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை அவர் தானாக எழுந்து ஷேவ் செய்துகொண்டார்.

அதனால்தான் அவள் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இன்றோடு அந்தப் பங்கின் வியாபாரம் முடிகிறது. நாளையிலிருந்து வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மதியம் சந்தை மூடுவதற்குள் விற்றால்தான் உண்டு.

*

மாடிப்படிக்குக் கீழே அவளுடைய கடை. ஒரு மிஷின், ஒரு மேஜை, இஸ்திரிப் பெட்டி, நின்றபடி உடுப்பு மாற்ற ஒரு திரை. புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். காலைச் சவாரியை முடித்துவிட்டுத் தம்பி வந்தபோது அவள் ஒரு கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவுடா போட்டே?"

தம்பி மேஜையில் கிடந்த, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான்.

"வேன் வாங்க வச்சிருந்த பணமா?"

தலையை ஆட்டினான்.

"அதுல கொஞ்சமா?"

"கொஞ்சமா இருந்தா உன் முன்னாடி இப்படி நிப்பேனாக்கா?"

அவள் பிரித்த நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வேன் அவனுடையது இல்லை, வாடகை. ஓனருக்கு வயதாகிவிட்டது, விற்கப் போகிறார். 'நீ எத்தனையோ வருஷமா ஓட்டறே, உனக்குத்தான் முதல்ல' என்று சொல்லி வைத்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அதைக் கொண்டுபோய் முன்பணமாகக் கொடுத்திருந்தால் இந்நேரம் வேன் அவன் பெயரில் இருந்திருக்கும். இரட்டிப்பாக்கிக் கொடுத்தால் கடனே வாங்க வேண்டாமே என்று மாமா சொன்னார். மாமா பொய் சொல்ல மாட்டார்.

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"போட்டது தெரியும். விழுந்தது தெரியாது."

"ஓனர் எதுவரைக்கும் பொறுப்பாராம்?"

"இன்னிக்கு சாயங்காலம். வேற ஆளு வந்து பார்த்துட்டுப் போயிட்டான்."

"அப்ப இப்பவே வித்துடு. வர்றது வரட்டும். அதைக் காட்டி ஓனர்கிட்ட அவகாசம் கேக்கலாம். நானும் வந்து பேசறேன்."

"என்னால விக்க முடியாதுக்கா. கணக்கை ஆரம்பிச்சுக் குடுத்ததே மாமாதான். அவர் போன் நம்பரைத்தான் குடுத்திருக்கோம். விக்கணும்னா அந்த போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும். காலைலேர்ந்து அடிச்சிட்டே இருக்கேன், ஆஃப் பண்ணி வச்சிருக்காரு."

"எங்க இருப்பாருன்னு எனக்குத் தெரியும்," என்று அவள் மிஷினுக்கு உறை போட்டாள்.

பிரித்துப் போட்ட கால்சட்டைக்குச் சொந்தக்காரர் மதியம் வருவார். வந்து திட்டிவிட்டுப் போகட்டும்.

*

தம்பியின் வேனிலேயே இருவரும் தியேட்டருக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டுகளில் பிள்ளைகள் விட்டுப்போன பென்சில் ஒன்று வண்டி திரும்பும்போதெல்லாம் உருண்டது.

"மாமா மேல கோபப்படாதேக்கா," என்றான் தம்பி திடீரென்று. "அவர் வலுக்கட்டாயமா வாங்க வைக்கல. ஆசைப்பட்டது நான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தியேட்டர் வெளியிலிருந்து பார்க்க எப்போதும்போல் இருந்தது. உள்ளே போனால்தான் தெரியும். லாபியில் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். வரப்போகும் படங்களுக்கான சட்டங்கள் காலியாகத் தொங்கின. மூன்று பாப்கார்ன் மிஷின்களில் ஒன்றுதான் ஓடியது, மற்ற இரண்டுக்கும் துணி போர்த்தியிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் கன்னத்தில் கை வைத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தரைக் கூப்பிடணும். உள்ள படம் பார்க்கறாரு. அவசரம்."

"டிக்கெட் இல்லாம விட முடியாதும்மா. இப்ப ரூல் எல்லாம் ஸ்ட்ரிக்டா இருக்கு. ஒரு டிக்கெட் கணக்கு இடிச்சாலும் எங்க சம்பளத்துல பிடிக்கறாங்க. அந்தச் சம்பளமும் ரெண்டு மாசமா வரல."

வராத சம்பளத்தில் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் ரெண்டு டிக்கெட் வாங்கினாள்.

முந்நூறு பேர் உட்காரலாம் போலிருந்த ஹாலில் நாலே தலைகள். திரையில் பனிக்கட்டிகளுக்கு நடுவில் ஒரு பென்குவின் குஞ்சு தன் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் படம். இந்த நாலு பேரும் இதை எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறார்களோ. கம்பெனியின் வசூல் ஏறினால் கோர்ட்டு இரக்கம் காட்டும் என்று சேர்மன் சொல்லியிருந்தார். அதனால் வாரத்தில் பாதி நாள் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்கள். பாப்கார்ன் பெரிய டப்பாவாக வாங்கி, தின்ன முடியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் இருட்டில் தடவித் தடவி அவர் வரிசைக்குப் போனாள்.

"ஏங்க, வெளிய வாங்க."

சேர்மன் திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் நின்ற தம்பியைப் பார்த்ததும் அவர் கண்கள் திரைக்கே போய்விட்டன.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இடைவேளை. வந்துடறேன்."

"இப்பவே வரணும்."

"கத்தாதேம்மா. படம் ஓடுதில்ல?"

பென்குவின் குஞ்சு பாட ஆரம்பித்தது. குரூப்பில் ஒருவரான பேக்கரிக்காரர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து அதன் கூடவே மெதுவாக வாயசைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

*

இடைவேளை விளக்கு எரிந்ததும் எல்லாரும் லாபிக்கு வந்தார்கள். சேர்மன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அங்கிருந்த ஒரே நீள சோபாவில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி அவருடைய சபை. ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர். பேக்கரிக்காரர். ராத்திரி டியூட்டி முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்த ஒரு நர்ஸ் பெண்.

"ஏங்க, போனை ஆன் பண்ணுங்க," என்றாள் அக்கா. "தம்பி விக்கணும்."

சேர்மன் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார்.

"ஏம்மா, பதற வேணாம். விலை இப்படி விழறதே ஒரு நாடகம். பெரிய கையெல்லாம் சேர்ந்து நம்மகிட்டேர்ந்து மலிவா பிடுங்கப் பார்க்கறாங்க. யோசிச்சுப் பாருங்க. நாம விக்கணும்னா யாரோ ஒருத்தன் வாங்கணும் இல்லையா? அவன் என்ன முட்டாளா?"

"அவன் நம்மள மாதிரி இன்னொரு குரூப்ல இருக்கான் சார்," என்றார் பேக்கரிக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியாருக்குக் காது மடல் சிவந்தது.

"இத்தனை தியேட்டர் இருக்கே அண்ணே," என்றாள் நர்ஸ் பெண். "இந்த இடம் ஒண்ணு மட்டுமே எவ்வளவு விலைக்குப் போகும்! வித்தா நமக்கும் பங்கு வரணும்தானே?"

"இடம் வாடகைம்மா. கம்பெனிக்குன்னு இருக்கறது சீட்டும் திரையும்தான், அதுவும் பேங்குல அடமானம். பேங்கு முதல்ல எடுக்கும். அப்புறம் சம்பள பாக்கி. அப்புறம் சோளம் சப்ளை பண்ணினவன், ஏசி ரிப்பேர் பண்ணினவன். எல்லாரும் எடுத்தது போகத்தான் நாம. என் கடைல மூடற நேரத்துக்கு வர்ற ஆளுக்கு என்ன கிடைக்கும்? தட்டுல ஒட்டின தூள் கிடைக்கும்."

"இதெல்லாம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" வாத்தியார் குரல் ஏறியது. "இத்தனை மாசம் எங்ககூட உக்கார்ந்து ஏன் ஆமாம் சாமி போட்டே?"

"எனக்கும் வாங்கின விலை மறக்கல சார். அந்த விலைக்குத் திரும்பி வந்தா போதும், லாபமே வேணாம்னு இருந்தேன். தினம் நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையறவன் நான். சாயங்காலம் மிஞ்சற பன்னை, நாளைக்குக் கெட்டுப்போகும்னு தெரிஞ்சா பாதி விலைக்குத் தள்ளிடுவேன். யோசிக்கவே மாட்டேன். இதுல மட்டும் எனக்கு ஏன் அந்தப் புத்தி வரலைன்னு தெரியல."

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டார்.

"வித்துட்டேன்."

"துரோகம்ணே இது," என்றாள் நர்ஸ் பெண். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நேத்து கூட ஒண்ணா நிப்போம்னு எழுதினீங்க."

"எழுதினேன்மா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீதிப் படத்தையும் உங்ககூட உக்கார்ந்துதான் பார்ப்பேன். டிக்கெட் வாங்கியாச்சே."

எல்லாருடைய கண்ணும் இப்போது சேர்மன் மேல்.

அவர் போனை ஆன் செய்து மடியில் வைத்துக்கொண்டார். தம்பி பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து தன் போனில் எதையோ தட்டினான். சேர்மன் போன் மினுங்கியது. அவர் வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். தம்பி ஒவ்வொன்றாக அழுத்தினான். பரீட்சை எழுதுகிற பிள்ளையும் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரும் போல இருந்தது.

கணக்கு திறந்தது. தம்பி பார்த்தான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறான் என்று நினைத்தாள் அக்கா. சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதை வித்தா வேனுக்கு ஒரு டயர் வரும்கா. அதுவும் பழைய டயர்."

"வர்றதை எடுத்துக்கடா."

"எடுத்து என்ன பண்ண? ஓனர்கிட்ட போய் ஒரு டயரை மட்டும் குடுங்கன்னு கேக்கவா?" அவன் சேர்மன் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க சொல்லுங்க. நிஜமாவே இன்னும் வழி இருக்கா? இருக்குன்னா நான் வச்சிருக்கேன். ஓனர் கால்ல விழுந்தாவது கேட்டுப் பார்க்கறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

சேர்மன் தன் போனை மடியில் குப்புற வைத்தார். வாத்தியாரைப் பார்த்தார். நர்ஸ் பெண்ணைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் பாப்கார்ன் டப்பாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"கம்பெனியை வாங்கறதுக்கு ஒரு ஆளு வர்றாரு மச்சான்," என்றார். "அடுத்த வாரம் கோர்ட்டுல பேச்சு வருது. கொஞ்சம் பொறு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள். அவர் நம்புகிற விஷயத்தை அக்கம்பக்கத்துக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வார். எட்டாவது மாடியிலிருந்து குழிக்குள் இருப்பவனோடு பேசிப் பழகிய தொண்டை அது. இப்போது அவர் பேசியது கவுன்ட்டர் பெண்ணுக்குக்கூடக் கேட்டிருக்காது.

தம்பியும் எதையோ உணர்ந்திருக்க வேண்டும். எழுந்து அவளிடம் வந்தான்.

"அக்கா, நீ சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல. நீ வித்துடுன்னா இந்த நிமிஷமே வித்துடறேன்."

இதற்காகத்தான் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

அப்போது சேர்மன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைத் தொட்டுத் திருப்பும்போதெல்லாம் பார்த்த பார்வை. என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே என்று அவர் கெஞ்சுவதாக அவள் நினைத்தாள். நாலு பேர் முன்னால் இந்த மனுஷன் சொன்னது பொய்யென்று ஆகிவிட்டால் வீட்டுக்கு வந்து மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். இந்தப் பக்கம் ஒரு பழைய டயர். அந்தப் பக்கம் ஒரு உயிர்.

"மாமா சொல்றபடி செய்டா," என்றாள்.

தம்பி அவளை ஒரு கணம் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"சரிக்கா. பசங்களை எடுக்க நேரமாச்சு. நான் கிளம்பறேன்."

வாத்தியார் தோளில் தட்டிக் கொடுக்க, அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

*

"நீயும் வா. உனக்கும் டிக்கெட் இருக்கே," என்று சேர்மன் கூப்பிட்டார். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விளக்குகள் அணைந்தன. பென்குவின் குஞ்சு ஒரு பனிப்பாறையின் மேல் தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் படத்தில் கவனம் இல்லை. சாயங்காலம் வேன் ஓனரைப் பார்த்துப் பேச வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது? தையல் மிஷினை விற்றால் என்ன வரும்? இப்படி எதையெதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

அவர்தான். திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எது?"

"வித்துடுன்னு நீ சொல்லியிருக்கணும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இருட்டில் அவர் முகம் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறிக்கொண்டிருந்தது.

"நேத்து வக்கீலுக்குப் போன் போட்டேன்," என்றார். "புதுசா வர்றவன் தியேட்டரை மட்டும்தான் வாங்கறான். பழைய பங்கையெல்லாம் ரத்து பண்ணிடுவாங்க. நமக்கு ஒத்தைக் காசு கிடையாது. பேச்சு முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் கோர்ட்டுல அதைப் படிக்கப் போறாங்க, அவ்வளவுதான்."

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவன்கிட்ட..."

"என் வாயால சொல்ல வரல. அந்த நர்ஸ் பொண்ணு என் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்குது. நான்தானே எல்லாரையும் சேர்த்தேன். சரி, நீ இருக்கே, நீ சொல்லிடுவே, நீ சொன்னா அவன் தட்ட மாட்டான்னு நினைச்சேன். உன்னையே பார்த்தேனேம்மா. சொல்லு, சொல்லுன்னுதான் பார்த்தேன்."

அந்தப் பார்வை.

அவள் எழுந்துவிட்டாள். சீட்டு படாரென்று மடங்கிய சத்தத்துக்கு முன் வரிசையில் பேக்கரிக்காரர் திரும்பினார்.

"இன்னும் நேரம் இருக்கு. உங்க போனைக் குடுங்க. அவனைக் கூப்பிட்டு விக்கச் சொல்றேன், ரகசிய நம்பரும் அதுலதானே வரும்!"

சேர்மன் போனை நீட்டினார். அவள் இருட்டில் தடுமாறிப் படிகளில் ஓடினாள். தம்பிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். வேன் ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான், பிள்ளைகள் இருக்கும் வண்டி என்று ரொம்பக் கண்டிப்பு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியதும் எடுப்பான். எடுத்துவிடுவான்.

லாபியில் அவளுக்குப் பின்னாலேயே பேக்கரிக்காரர் வந்தார்.

"என்னாச்சுக்கா?"

"சந்தை மூடிட்டாங்களா?"

அவர் தன் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மூடிட்டாங்கக்கா. இப்பத்தான்."

அவள் அங்கேயே நின்றாள். கவுன்ட்டர் பெண் மிஷினை நிறுத்திவிட்டுப் பொரியாத சோளத்தை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுடைய கைப்பைக்குள் அவளுடைய போன் அடித்தது. தம்பிதான் என்று அவசரமாக எடுத்தாள். ஒரு பெண் குரல்.

"வேன் டிரைவரோட அக்காங்களா? ஸ்கூல்லேர்ந்து பேசறேன். அவசரத்துக்குன்னு உங்க நம்பரைத்தான் குடுத்திருந்தாரு. பசங்க கேட்ல நிக்கறாங்க. வேன் இன்னும் வரல. அவருக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்லைங்க, அதான் கேக்கலாம்னு..."

"வந்துடுவான்," என்றாள் அக்கா. அவள் வாய் தானாகச் சொன்னது. "கிளம்பிட்டானே. அப்பவே கிளம்பிட்டானே."

சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

வேன் அங்கேயே இருந்தது. வந்தபோது நிறுத்திய அதே இடத்தில், தியேட்டர் சுவரை ஒட்டி. டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. சீட்டின் மேல் தம்பியின் போன் குப்புறக் கிடந்தது.

"டேய்!" என்று கூப்பிட்டாள். வேனைச் சுற்றி வந்தாள். பின் கதவைத் திறந்து சீட்டுகளுக்கு இடையில் பார்த்தாள். தெருவில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கும் அவன் நடை இல்லை.

பேக்கரிக்காரர் ஓடி வந்து ஒரு நொடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

"பசங்க எந்த ஸ்கூல்க்கா?"

அவள் சொன்னாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். பிரெட் வேன் ஓட்டறவன்தான், எனக்கு இது பழக்கம். ஸ்கூலுக்குப் போன் போட்டு நான் வர்றேன்னு மட்டும் சொல்லிடுங்க. நர்ஸம்மா, நீயும் ஏறு. சின்னப் பசங்க, புது ஆளைப் பார்த்தா பயப்படும்."

நர்ஸ் பெண் மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். துரோகம் என்று அவள் அவரைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அக்கா சீட்டிலிருந்து தம்பியின் போனை எடுத்துக்கொண்டாள். வேன் கிளம்பிப் போனது. வண்டி நின்ற இடம் மட்டும் எண்ணெய்க் கறையோடு தெரிந்தது. வாத்தியார் என்ன நடக்கிறது என்று புரியாமல் வாசலில் நின்று, "சேர்மன், என்ன விஷயம்? நியூஸ் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேர்மன் ஊன்றுகோலை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் காதில் அது விழவில்லை.

"மச்சான் எங்கே?" என்றார்.

அவள் கையில் இருந்த தம்பியின் போனைப் பார்த்தாள். மாமா சொல்றபடி செய்டா என்று தான் சொன்னபோது அவன் பார்த்த பார்வையை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். மாமா சொன்னது பொய்யென்று அக்காவுக்கும் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. மாமாவின் பொய்யை அவன் தாங்கியிருப்பான்.

"அந்தப் பக்கம் போய்ப் பாருங்க," என்றாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் போங்க. யாரையாவது கேளுங்க."

சேர்மன் தலையாட்டிவிட்டு நடந்தார். நாலு அடி போய், எந்தப் பக்கம் என்று மறந்தவர்போல் நின்று திரும்பிப் பார்த்தார்.

அவள் கையில் இருந்த தம்பியின் போன் அதிர்ந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. அவனே எங்கிருந்தாவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானோ? அவள் சட்டென்று எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னங்க, எத்தனை தடவை அடிக்கறது? எடுக்கவே மாட்டேங்கறீங்க!"

தம்பியின் மனைவி. மூச்சு வாங்கப் பேசினாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வித்தாச்சா? வேன் ஓனர் வீட்டுக்கே வந்துட்டாருங்க. வண்டிப் பேப்பரையும் கையோட கொண்டு வந்திருக்காரு. வேற ஆளு கூடுதலாவே தர்றேன்னானாம், குடுக்கலையாம். உங்க கைக்குப் போனாத்தான் வண்டி நல்லா இருக்கும்ங்கறாரு. டீ போட்டுக் குடுத்து உக்கார வச்சிருக்கேன். பணம் எப்ப கைக்கு வரும்னு கேக்கறாரு, நான் என்ன சொல்லட்டும்?"

தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. சிலர் இறங்கினார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பஸ் கிளம்பிப் போனது.

"என்னங்க," என்றது போன். "லைன்ல இருக்கீங்களா? பேசுங்களேன்."